கேட்கப்பட்டவர்களும் கேட்கப்படாதவர்களும்: 1856 முதல் இன்று வரை



அடுத்த வருடப் பாதீட்டுக்கு மக்களின் ஆலோசனை கேட்டு பிரதேச சபைகள் அறிவித்தல் ஒட்டும் காலம் வந்தால் நம்மவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "எழுதிக் குடுத்து என்ன நடந்த?" நியாயமான கேள்வி. ஆனால் மக்களிடம் கேட்கும் வழக்கம் நம் நாட்டு ஊராட்சியில் எப்படி வந்தது, யாரைக் கேட்டார்கள் என்று பார்த்தால் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்கலாம்.

கதை வயலில் இருந்து தொடங்குகிறது. 1832இல் ராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் எல்லோரையும் கூட்டுவதற்கு ஆளில்லாமல் போனது. 1855இல் ஆளுநராக வந்த சேர் ஹென்றி வார்ட் மட்டக்களப்புப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்த ஏற்பாடு செய்தார். 1856இன் 9ஆம் இலக்கச் சட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது. நீர்ப்பாசனம், நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிப்பதே அதன் நோக்கம்.

எந்த நாளில் தண்ணீர் திறப்பது, வேலி யார் கட்டுவது, கட்டாதவனுக்கு என்ன தண்டம் என்பதெல்லாம் கொழும்புக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரருக்கு எங்கே தெரியும்? வயற்காரரைக் கூட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்கள், சொன்னது விதியானது. வட்டைவிதானை என்ற பெயர் இன்றும் நம் வயல்களில் வழங்குகிறது. நாம் இதை மெச்சுகிறோம், ஏனென்றால் அந்தக் கேள்வி திட்டமான கேள்வி. "உங்கள் குறை என்ன" என்று பொதுவாகக் கேட்காமல், மக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே கேட்டார்கள்.

ஆனாலும் சட்டம் பேசியது நிலச் சொந்தக்காரருடன். போடியார் சொன்னால் அது ஊர் சொன்னதாகிவிடும். முல்லைக்காரனும் அருவி வெட்டும் பெண்ணும் அதே வாய்க்காலில்தான் நின்றார்கள், அவர்கள் சொல்வதற்குப் பதிவு கிடையாது. நம் பள்ளிவாசல்களிலும் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று பிரதிநிதித்துவம் இருந்தது. குடி தாய்வழி வந்தது, ஆனால் பேசியது ஆண்கள் மட்டும். (இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.)

1871இல் கிராமச் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அவை நெடுங்காலம் அரசாங்க அதிபரின் நிழலிலேயே இருந்தன. அந்தச் சட்ட வரிசையில் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு இடமே வைக்கவில்லை. 1937இல் இது இந்தியாவுடன் பெரும் தகராறாகியும் கதவு திறக்கவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில்கூடத் தோட்டப் பகுதிகளில் சபை வேலை செய்யத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒரு சபையின் முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "லயன் வீடுகளில் இருந்து பாதை பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை" என்று யாராவது கணக்கெழுதியிருந்தால், எழுத்தளவில் அது சரியாகவே இருந்திருக்கும். சபையால் எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்தவன் ஏன் முறையிடப் போகிறான்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கேட்டது மட்டுப்படுத்தப்பட்ட உரிமையைத்தான். ஆணைக்குழு அதற்கும் அப்பால் போய்ச் சிபாரிசு செய்தது, 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லோரும் வாக்களித்தார்கள். வாசலுக்கு வந்தவர்களின் பேச்சில் வராதவர்களின் தேவையையும் கண்டுகொண்டார்கள் என்றே நாம் அதை வாசிக்கிறோம்.

நம் கிழக்கின் அனுபவம் வேறு. 1981இல் கிராம சபைகளைக் கலைத்தார்கள். வடக்கு, கிழக்குக்கு வெளியே பிரதேச சபைத் தேர்தல் 1991இல் நடந்தது, கிழக்கில் 1994இல். பதின்மூன்று வருடம், அதுவும் யுத்த காலம், கிராமத்தவன் தெரிவுசெய்த சபை இல்லை. எதற்கும் பெரிய ஆளைப் பிடிக்கும் பழக்கம் அப்போதுதான் நமக்குள் ஊறியது என்பது நம் கணிப்பு. பிறகு 2023 மார்ச்சில் இருந்து 2025 மே 6 தேர்தல் வரையும் சபைகள் உறுப்பினர் இன்றி இருந்ததைக் கண்டோம்.

இப்போது சபை இருக்கிறது. மகஜர்களும் போகின்றன. ஒரே கையெழுத்தில் எழுதி நூறு பேர் ஒப்பமிட்ட மகஜரில் தெரிவது ஒருவரின் கருத்தும் நூறு பேரின் தாட்சண்யமும். பிரதான வீதி விளக்கு அணைந்தால் கடைக்காரர் அன்றிரவே உறுப்பினருக்குக் கோல் எடுப்பார். உள் ஒழுங்கையில் வடிகான் நிரம்பி மாரியில் குசினிக்குள் தண்ணீர் வருவதைச் சொல்ல அந்த வீட்டுப் பெண்ணிடம் உறுப்பினரின் இலக்கம் இல்லை. கோல்களை மட்டும் எண்ணினால் பாதீட்டில் விளக்கு வரும், வடிகான் வராது.

அதனால் தவிசாளரிடமும் உறுப்பினர்களிடமும் நாம் கேட்பது இவைதான். எந்த ஒழுங்கையில் இருந்து ஒன்றுமே வரவில்லை என்று முதலில் பாருங்கள், அங்கே நீங்களே போங்கள். சபை உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதில் பெண்களைச் சேருங்கள். கூட்டத்தை மஃரிபுக்குப் பிறகு மட்டும் வைக்காமல், பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்திலும் ஒன்று வையுங்கள்.

ஊரவர்களுக்கு: "ரோட்டுப் போட்டுத் தாங்க" என்று எழுத வேண்டாம். எந்த ஒழுங்கை, எத்தனை வீடு, எந்த மாதத்தில் எந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். திகதியிட்டுக் கொடுத்து, பிரதியில் கிடைத்ததாக ஒப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்துக்கு என்ன முடிவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். எழுதத் தெரியாத உம்மாமார் சொல்வதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் சொன்னவரின் பேச்சிலேயே எழுதட்டும்.