ஊழியரா, ஒப்பந்தக்காரரா? பிரித்தானிய வரி வரலாற்றில் ஒரு பழைய கேள்வி

1943 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி பிரித்தானிய நிதியமைச்சர் சேர் கிங்ஸ்லி வூட் புதிய வரித்திட்டம் ஒன்றைப் பாராளுமன்றத்தில் அறிவிக்கவிருந்தார். அன்றைய தினமே அவர் திடீரென மரணமானார். ஆயினும் திட்டம் நிற்கவில்லை. 1944 ஏப்ரல் 6 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. உழைக்கும்போதே செலுத்தும் வரி எனப்படுவது இதுவே. இலங்கையில் 2019 ஆம் ஆண்டின் இறுதிவரை அதே பெயரில் வழங்கிய வரிக்கும் இதுவே முன்மாதிரி.

போருக்கு முன்னர் பிரித்தானியாவில் வருமான வரி செலுத்தியோர் சுமார் 40 இலட்சம் பேர். போர்க்காலத்தில் அத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது. வாரக்கூலி பெறும் தொழிலாளியிடம் ஆண்டு முடிவில் மொத்தமாக வரி கேட்டால் அவர் கையில் என்ன இருக்கும்? எனவே சம்பளம் கைக்கு வருமுன்னரே தொழில்தருநர் வரியைக் கழித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றாயிற்று. கழிக்கத் தவறினால் பொறுப்பும் அவருடையதே. சம்பளமில்லாத வரி சேகரிப்பாளர்கள் பல்லாயிரம் பேர் அரசுக்கு ஒரே நாளிற் கிடைத்தனர்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ‘ஊழியர்’ என்ற ஒரு சொல்லின் மீது நின்றது. பணம் பெறுபவர் சுயதொழிலாளர் எனில் நிறுவனம் எதையும் கழிக்க வேண்டியதில்லை. தேசிய காப்புறுதி அட்டையில் முத்திரை ஒட்டும் செலவும் இல்லை. கணக்கு எழுதுவதும் வரி கட்டுவதும் தொழிலாளியின் தலையில். அவருக்கு வேலையற்றோர் கொடுப்பனவு கிடையாது. வேலைத்தளத்தில் விபத்து நேர்ந்தால் கைத்தொழில் விபத்து நட்டஈடும் கிடையாது. சாரமரத்தில் ஏறி நின்று செங்கல் அடுக்கும் ஒருவருக்கு இது சிறிய இழப்பன்று.

1966 இல் ஹரோல்ட் வில்சன் அரசின் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் தெரிவுத் தொழில் வரியைக் கொண்டுவந்தார். ஆண் ஊழியர் ஒருவருக்கு வாரம் 25 சிலிங் வீதம் தொழில்தருநர் கட்ட வேண்டும். உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. கட்டடத் தொழிலுக்கு இல்லை. ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்தால் இலாபம் என்று அரசே வழிகாட்டியது போலாயிற்று. ‘லம்ப்’ என்று அழைக்கப்பட்ட வழக்கம் கட்டடத் தளங்களில் வேகமாகப் பரவியது. மொத்தத் தொகை பேசி வேலை எடுப்பது. கேள்வியின்றிக் கையிற் காசு. வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் வரித்திணைக்களத்தின் பக்கமே போகவில்லை.

இக்காலத்திலேதான் புகழ்பெற்ற கொங்கிறீற் லொறி வழக்கு நீதிமன்றம் வந்தது. 1968 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. ரெடி மிக்ஸ்ட் கொங்கிறீற் நிறுவனம் தனது சாரதியைச் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று எழுதி வைத்திருந்தது. லொறி அவருடையதாம். ஆனால் நிறுவனத்தோடு தொடர்புடைய நிதிக் கொம்பனியிடம் தவணைக்கு வாங்கிய லொறி அது. நிறுவனத்தின் நிறம் பூசப்பட வேண்டும். நிறுவனத்தின் சீருடை அணிய வேண்டும். வேறெவருக்கும் அந்த லொறியை ஓட்டக் கூடாது. அதிகாரிகளின் நியாயமான கட்டளைகளுக்கு ஓர் ஊழியரைப் போலவே பணிய வேண்டும். பழுதுபார்க்கும் செலவு மட்டும் அவருடையது! அமைச்சர் தரப்பு இவரை ஊழியர் என்றது. நீதியரசர் மக்கென்னா, லொறியும் இலாப நட்டமும் சாரதியுடையவை, மாற்றுச் சாரதியை அமர்த்தும் உரிமையும் அவருக்கு உண்டு என்று கூறி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். வேலை ஒப்பந்தத்துக்கு அவர் வகுத்த மூன்று நிபந்தனைகளை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளுகின்றன. வகுத்த நிபந்தனைகள் நல்லவை; அவற்றை அந்தச் சாரதிக்குப் பொருத்திய விதம்தான் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. செய்தியின் நீளத்தை அளந்து பணம் பெற்ற எமது பிராந்திய நிருபர்கள் பலரின் நிலையும் இதுவே. வேலை பத்திரிகைக்கு, சேமலாப நிதி எவரிடமும் இல்லை.

வரி கைநழுவுவதைக் கண்ட அரசு 1971 இல் சட்டமியற்றியது. 1972 முதல், ‘714’ என்ற சான்றிதழ் இல்லாத உப ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் கூலியில் 30 வீதத்தைக் கழித்துச் செலுத்த வேண்டும். விரைவிலேயே அந்தச் சான்றிதழ்கள் களவுபோயின, கள்ளச் சந்தையில் விலைபோயின. அதைவிட முக்கியமான குறை வேறொன்று. அரசு தனது வரிக்கு வேலி போட்டுக்கொண்டது. தொழிலாளி ஊழியரா என்ற கேள்வியைத் தொடவில்லை. அதே 1972 இல் கட்டடத் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ‘லம்ப்’ முறையை ஒழிப்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்ந்தது, ‘லம்ப்’ ஒழியவில்லை. ஷ்ரூஸ்பரியில் மறியல் செய்த சிலர் சிறை சென்றனர். அத்தண்டனைத் தீர்ப்புகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது 2021 மார்ச்சில்தான்.

பின்னர் தனியாள் கொம்பனிகள் வந்தன. அவற்றுக்கென ஐஆர்35 விதிகள் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. தான் ஊழியரா என்று தீர்மானிக்கும் பொறுப்பை முதலில் தொழிலாளியின் கொம்பனியிடமே விட்டார்கள். பலன் குறைவு. 2017 இல் அரச துறையிலும் 2021 இல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிலும் அப்பொறுப்பு வேலை வாங்குபவரிடம் மாற்றப்பட்டது.

2021 பெப்ரவரி 19 ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதிலிருந்து ஆராய்வைத் தொடங்கக் கூடாது என்றும் கூறியது. குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் உரிமையாயின. லண்டனில் இத்தொழில் செய்யும் எம்மவர் சிலர், இனி வரியையும் ஊபரே கழித்துவிடும் என்று எண்ணியிருக்கலாம். அப்படியன்று. தொழிற்சட்டத்தில் ஊழியருக்கும் சுயதொழிலாளருக்கும் இடையே ‘தொழிலாளர்’ என்ற மூன்றாம் வகை உண்டு. வரிச்சட்டத்தில் இரண்டே வகைதான். தீர்ப்பில் வென்ற சாரதியும் வரித்திணைக்களத்தின் கண்ணில் சுயதொழிலாளரே. எரிபொருள் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் தனது வரிப்படிவத்தை அவரே நிரப்பி அனுப்புகிறார்.