முதல் லேப்பில் பின்னாடி ஓடும் கார்

எஃப்1 ரேஸ்ல முதல் லேப் முழுக்க எல்லாருக்கும் பின்னாடி ஒரு மெடிக்கல் கார் ஓடும், கவனிச்சிருக்கீங்களா? அது எப்படி வந்ததுன்னு சொல்றேன்.

1978 செப்டம்பர் 10, இத்தாலியின் மோன்சா. ரேஸ் தொடங்கின சில நொடிகள்ல கார்கள் மோதி, ஸ்வீடன் வீரர் ரோனி பீட்டர்சனோட லோட்டஸ் தீப்பிடிச்சது. ஜேம்ஸ் ஹன்ட் உள்ளிட்ட சக டிரைவர்கள்தான் அவரை வெளியே இழுத்தாங்க. பதறி ஓடி வந்த ரேஸ் டாக்டர் சிட் வாட்கின்ஸை போலீஸ் உள்ளேயே விடல! ஆம்புலன்ஸும் லேட்.

தீக்காயம் பெருசா இல்ல, கால் எலும்புகள்தான் நொறுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லைன்னு நம்பித்தான் அன்னைக்கு ரசிகர்கள் தூங்கப் போனாங்க. மறுநாள் காலை மரணச் செய்தி. காரணம் ஃபேட் எம்பாலிசம். பெரிய எலும்பு உடையும்போது மஜ்ஜையில இருக்கிற கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளையோட நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைச்சிடும். தொடை எலும்பு முறிஞ்சு வர்றவங்களோட மூச்சையும் நினைவையும் முதல் மூணு நாள் நாங்க விடாம பாக்குறது இதுக்குத்தான்.

போலீஸ் தடுக்காம இருந்தா பிழைச்சிருப்பாரா? அப்படிச் சொல்லிட முடியாது. ஆனா வாட்கின்ஸ் சும்மா விடல. மயக்க மருந்து டாக்டர், ஹெலிகாப்டர், மெடிக்கல் கார்னு பெர்னி எக்கிள்ஸ்டோன்கிட்ட கேட்டு வாங்கினார். அடுத்த ரேஸ்லயே அந்தக் கார் பின்னாடி ஓடுச்சு.

2020 பஹ்ரைன், முதல் லேப். ரொமெய்ன் க்ரோஜானோட கார் ரெண்டா பிளந்து எரிஞ்சப்போ, சில நொடிகள்ல அங்க வந்து நின்னது அந்த மெடிக்கல் கார்தான். கிட்டத்தட்ட அரை நிமிஷம் நெருப்புக்குள்ள இருந்துட்டு ஏறி வந்தவருக்கு டாக்டர் இயன் ராபர்ட்ஸ் கை கொடுத்தார்.