திண்ணை வாத்தியாரின் வாரிசா? செங்கல்பட்டுக் கடற்கரையில் மாலை வகுப்பு நடத்துபவரின் வரலாறு

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. ஊரிலேயே இருக்கும் ஒருவர் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டவர்கள் பலருக்குத் திண்ணைப் பள்ளி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. மேடைப் பேச்சாக இருக்கும்வரை இந்த ஒப்புமையால் யாருக்கும் நட்டமில்லை. அதையே வரலாறாக எழுதத் தொடங்கும்போதுதான் மறுக்கவேண்டியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் வகுப்பு நடத்தும் தன்னார்வலரைத் திண்ணை வாத்தியாரின் வழிவந்தவராகக் காட்டச் செங்கல்பட்டுச் சான்றுகள் இடம் தரவில்லை என்பது என் கருத்து. அவருடைய முன்னோடிகளை இரவுப் பள்ளியிலும், யாரும் அவ்வளவாகத் தேடாத 1953-ஆம் ஆண்டின் ஒரு திட்டத்திலும் தேடவேண்டும்.

இம்மாவட்டக் கல்வி வரலாற்றை வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். வேதம் ஓதுவிப்பவர், இலக்கணம் சொல்பவர், மாணவர் விடுதி, ஆதுலசாலை என்ற மருத்துவமனை எல்லாம் அதில் உண்டு. ஆனால் கோயில் நிவந்தத்தில் உண்டு படித்த மாணவனையும் பள்ளி விட்டு வரும் ஏழாம் வகுப்புப் பையனையும் இணைக்கும் கோடு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. எனவே நேரே 19-ஆம் நூற்றாண்டுக்கு வருகிறேன்.

ஒப்புமையைச் சொல்கிறவர்கள் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் வரலாற்றாய்வாளர் தரம்பால். காந்தி 1931-ல் லண்டனில் ஆற்றிய உரையிலிருந்து தலைப்பெடுத்து 1983-ல் அவர் வெளியிட்ட ‘அழகிய மரம்’, 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டு மாவட்டக் கலெக்டர்கள் அனுப்பிய கல்விக் கணக்குகளை முழுமையாக அச்சிட்டது. அந்தக் கணக்குகளை இன்று நாம் மேசைமேல் வைத்து வாதாட முடிவதே அவரால்தான். அவருடைய வாசிப்பில் மூன்று இழைகள் உண்டு. பள்ளிகள் ஊர்தோறும் பரவியிருந்தன. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் சூத்திரரும் அவருக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியினரும். ஊர் வருவாயில் ஒதுக்கப்பட்ட பங்கே இக்கல்வியைத் தாங்கியது. கிழக்கிந்தியக் கும்பினி அந்த வருவாயை மையத்துக்கு இழுத்துக்கொண்டதும் மரம் பட்டுப்போனது.

மூன்றாவது இழைக்கு அவர் கையில் இருந்த வலுவான துணையும் செங்கல்பட்டுதான். 1763-ல் கும்பினி வசம் வந்த செங்கல்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கு அது. ஏரி, கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார் என ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் பங்கும் மானிய நிலமும் இருந்ததை அது காட்டுகிறது. தரம்பால் இதை ஆழமாக ஆராய்ந்தார். இத்தனை ஊழியத்துக்குப் பங்கு வைத்த ஊர் வாத்தியாருக்கும் வைத்திருக்கும் என்று அவர் எண்ணியது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் அவரே தம் நூலின் பிற்சேர்க்கையில் அச்சிட்ட ஒரு கடிதம் அதற்கு ஒத்துவரவில்லை. 1823 ஏப்ரலில் செங்கல்பட்டுக் கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு எழுதியது அது. அதை ஒட்டிய அட்டவணையை எடுத்துப் பேசுகிறவர்கள் பலர். கடிதத்தை நின்று படித்தவர்கள் குறைவு. அட்டவணையில் மாவட்டத்துக்கு 508 பள்ளிகளும் 51 கல்லூரிகளும் காட்டப்பட்டுள்ளன. கடிதமோ, கல்லூரி என்று சரியாகச் சொல்லத்தக்கது இம்மாவட்டத்தில் ஒன்றுமில்லை, உயர்கல்வி சிலருக்குக் கற்பிக்கப்படும் இடங்கள் சில உண்டு, அவ்வளவே என்கிறது. ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பிய இரண்டு தாள்களில் ஒன்று 51 என்கிறது, மற்றது இல்லை என்கிறது. படிவத்தில் கட்டம் இருந்ததால் குமாஸ்தா நிரப்பியிருக்கலாம். கட்டம் போட்ட படிவத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பும் துணிச்சல் எந்தக் காலத்துத் தாலுகா அலுவலகத்துக்கும் வந்ததில்லை. இது என் ஊகம்தான். ஆனால் கல்லூரிக் கட்டத்துக்கு நேர்ந்தது பள்ளிக் கட்டத்துக்கு நேரவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதே கடிதம், பள்ளிகளை ஊக்குவிக்க முந்தைய அரசுகள் எதுவும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை என்கிறது. சில ஊர்களில் வைதிகக் கல்வி கற்பிப்போருக்குக் கால் காணி முதல் இரண்டு காணி வரை அற்ப மானியம் மட்டும் உண்டு. ஊர்ப் பள்ளி வாத்தியாரின் மாத வரும்படி சராசரியாக 7 ரூபாயைத் தாண்டாது. அதைத் தந்தவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கலெக்டருக்கு ஊர் வழக்கம் முழுதும் தெரிந்திருக்காது என்று தரம்பால் தரப்பில் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் எழுதிய கடிதத்தை, உள்ளூர்ப் பள்ளிகள் நலிந்ததற்குச் சாட்சியாக ஏற்பவர்கள், செங்கல்பட்டுக் கலெக்டரின் கடிதத்தை மட்டும் அறியாமை என்று தள்ள முடியாது. பெல்லாரியின் சாட்சியைச் செங்கல்பட்டின்மேல் ஏற்றுவதும் முறையில்லை.

சாதிக் கட்டங்களிலும் இதே சிக்கல். சூத்திரர் என்றொரு கட்டம், பிற சாதியினர் என்றொரு கட்டம். தரம்பால் இரண்டையும் சேர்த்துக் கூட்டி, கல்வி அடித்தட்டுவரை எட்டியது என்கிறார். கடற்கரையில் வாழ்ந்த பட்டினவர் பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் இருந்தார்கள்? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் ஒரு திண்ணைப் பள்ளியாவது 508-ல் சேர்ந்ததா? அட்டவணை ஊர்வாரியாக இல்லாததால் விடை கிடைக்காது. அந்த மௌனத்தை ‘ஆம்’ என்று படிக்கத் தரம்பாலுக்கு உரிமையில்லை. ‘இல்லை’ என்று படிக்க எனக்கும் இல்லை. ஆனால் விடியலில் கரைக்கு வரும் மீனைப் பிரிக்கவும் வலையை உதறவும் கை தேவைப்பட்ட வீடுகளின் பிள்ளைகள், விடியலில் கூடும் பள்ளிக்குப் போயிருப்பார்கள் என்பதை நான் நம்பத் தயங்குகிறேன்.

என் கருத்துக்கு எதிராக வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. சென்னைக் கலெக்டர் மட்டும், பள்ளியில் படிப்பவர்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்குப் பிள்ளைகள், சுமார் 27 ஆயிரம் பேர், வீட்டில் படிப்பதாக எழுதினார். 1826 மார்ச் குறிப்பில் மன்றோவே இந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று ஐயப்பட்டார். ஆனாலும் வீட்டுக் கல்வியை மனத்தில் வைத்தே, மாகாண ஆண்பிள்ளைகளில் கல்வி பெறுவோர் நான்கில் ஒரு பங்கைவிட மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம் என்று மதிப்பிட்டார். பள்ளிக்கு வெளியே கற்பித்த இவர்கள் இன்றைய தன்னார்வலரின் மூதாதையர் ஆகமாட்டார்களா? மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கணக்கு அவர்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்க்காமல் தனியே எண்ணுகிறது. வீட்டில் படித்தவன் பள்ளிக்குப் பதிலாக அங்கே படித்தான். பள்ளிக்குப் போய்விட்டு வந்து மறுபடி ஒருவரிடம் உட்காரும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. திண்ணை வாத்தியாரும் அப்படியே. அவரே பள்ளி, அவருக்கு முன்னால் மணியடித்து விடும் இன்னொரு பள்ளி கிடையாது. மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளையை முன்னோடியாகச் சொல்வாரும் உண்டு. ஆண்ட்ரூ பெல் எழும்பூர் அனாதை விடுதியில் கையாண்டு 1797-ல் லண்டனில் நூலாக்கிய முறை அது. சட்டாம்பிள்ளை பள்ளிக்கு உள்ளே இருப்பவர் என்பதோடு அதை விட்டுவிடலாம்.

இரவுப் பள்ளியின் கதை வேறு. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய பறையர் பற்றிய குறிப்பு, அடுத்த ஆண்டு நில ஒதுக்கீட்டு ஆணைக்கும், ஒருவகையில் 1893 பிப்ரவரியின் கல்வி ஆணைக்கும் பின்புலமானது பலரும் அறிந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபை மிஷன் இருந்தது. அன்று இம்மாவட்டத்தின் சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருந்த அடையாற்றுப் பக்கத்தில் பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894-ல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பகலில் படியாள் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு விளக்கு வைத்தபின்தான் எழுத்து. கல்வித் துறை அறிக்கைகள் இரவுப் பள்ளிகளைத் தனி இனமாகவே கணக்குக் காட்டின. பகலில் கிடைக்காததை இரவில் ஈடுசெய்ய ஒருவர் தேவை, அவர் பிள்ளையின் உழைப்பு நேரத்தை அனுசரித்து நேரம் குறிக்கவேண்டும் என்பது இங்கே முதன்முதலாக வழக்கத்துக்கு வருகிறது. இன்றைய மாலை மையத்தின் கடிகாரம் இதிலிருந்து வந்தது. ஆனால் இதுவும் பதிலிதான்; பகல் பள்ளியின் தொடர்ச்சி ஆகாது.

பள்ளி நேரத்துக்கு வெளியே உள்ள பொழுதும் தன் திட்டத்துக்குள் வரவேண்டியது என்று அரசு முதலில் எண்ணியது 1953-ல். ராஜாஜியின் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்த்தவர்கள் வைத்த பெயரில் குலக்கல்வி, கிராமப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரப் பாடம் போதும் என்றது. மிச்சப் பொழுதில் அவன் தகப்பனிடமோ ஊர்க் கைவினைஞரிடமோ தொழில் பழகவேண்டும். அரசியல் தரப்பில் இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1954-ல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதோடு கதையை முடித்துவிடுவார்கள். என் கவனம் அந்த மிச்சப் பொழுதில். அதற்கு ஒரு தலைவரை அரசு குறித்தது. தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ ஒரு பையனுக்கு அவர் கட்டுமரத்தில் முன்னால் உட்காரும் அப்பா. மாமல்லபுரத்துச் சிற்பி மகனுக்கு உளி பிடித்த அப்பா. (திட்டம் போய் மூன்றாண்டில், 1957-ல், மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கென்றே அரசு நிறுவனம் வந்தது. தொழில் பழகுவதைப் பள்ளிப் பிள்ளையின் பிற்பகலிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்த முடிவாக இதை நான் படிக்கிறேன்; கோப்பில் அப்படி எழுதியிருக்கும் என்று சொல்லவில்லை.)

2021-ன் திட்டத்தை 1953-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரம் ஒன்று, தலைவர் நேரெதிர். மாலை ஐந்து முதல் ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதல் ஐந்து வகுப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் போதும். ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டம் வேண்டும். இந்தக் கடைசி விதியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. குப்பத்தில் பட்டம் பெற்று, வேலைக்கு வெளியே போகாமல், மாலையில் வீட்டருகே இருப்பவர் யார்? பெரும்பாலும் கல்யாணமான இளம்பெண், அல்லது வேலை தேடிக்கொண்டிருப்பவள். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்களாக அமைந்ததில் இந்த விதிக்குப் பங்கு உண்டு. அப்பா இருந்த இடத்துக்கு அக்கா வந்தாள். தொழிலைக் கைமாற்றுகிறவர் இருந்த இடத்தில், அந்தத் தொழிலுக்கு வெளியே படித்துப் போனவள். குலக்கல்வியை எதிர்த்த முகாமிலிருந்தே 2021-லும் ஐயம் எழுந்தது: தன்னார்வலர் என்ற பெயரில் யார் உள்ளே வருவார்கள்? அரசு விளக்கம் தந்தது. கேள்வி எழுந்ததே இரண்டும் ஒரே நிலத்தில் நிற்பதைக் காட்டுகிறது.

கடற்கரையைப் பொறுத்தவரை 1953-க்கும் 2021-க்கும் இடையில் இன்னொரு படி உண்டு. அதன் காலத்தைத்தான் என்னால் நிறுவ முடியவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இக்கரைக் குப்பங்களில் தொண்டு நிறுவனங்கள் மாலைப் படிப்பு மையங்கள் நடத்தின. வலைப்பின்னல் கூடத்தில், புதிய குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், கருவாடு காயும் சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் பாய் விரித்து. வருகைப் பேரேட்டுக்கு ஒரு நோட்டு, சுவரில் வாய்ப்பாடு, ஏழாம் வகுப்புப் பையனின் புத்தகப்பையில் அன்றைய வீட்டுப்பாடம். பள்ளிக்குப் பதிலாக வந்தவன் அங்கே யாருமில்லை. எல்லோரும் பள்ளியிலிருந்து வந்தவர்கள். பதிலியாக இருந்தது தொடர்ச்சியாக மாறியது இந்தக் கரையில் இங்கேதான் என்று நினைக்கிறேன். சுனாமிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். 1990-களின் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்த இடத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கலாம். நிறுவன அறிக்கைகள் கொடையாளருக்காக எழுதப்பட்டவை. எந்த மையமும் தன்னையே முதலாவதாகச் சொல்லும். மாவட்ட எல்லையும் உதவாது. பழைய செங்கல்பட்டு 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது 2019-ல். இரண்டுக்கும் நடுவே உள்ள கடற்கரைத் தாள்கள் காஞ்சிபுரத்தின் பெயரில் கிடக்கின்றன. 2005 என்று வைத்துக்கொள்கிறேன், அதுவும் தற்காலிகமாகவே.

ஊதியக் கணக்கும் திண்ணை ஒப்புமையைக் குலைக்கிறது. 1823-ன் 7 ரூபாயில் வாத்தியார் அரைகுறையாகவேனும் பிழைத்தார். கொடுத்தவர்கள் பெற்றோர், பிடிக்காவிட்டால் நிறுத்துவார்கள். 1,000 ரூபாயில் யாரும் பிழைக்க முடியாது, கொடுப்பது அரசு, நிறுத்துவதும் அரசாணை. இன்று திண்ணை வாத்தியாருக்கு நெருங்கியவர் காசு வாங்கும் டியூஷன் மாஸ்டர்தான். அவரை யாரும் மரபின் வாரிசு என்று மேடையில் வாழ்த்துவதில்லை.

இந்தத் திட்டத்தை அளந்த ஆய்வு ஒன்று பரவலாக மேற்கோளாகிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் 2022-ல் வெளியிட்டது. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் 24 விழுக்காடு மாலை வகுப்புகளால் வந்தது என்பது அதன் முடிவு. அதில் சோதிக்கப்பட்டவர்கள் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள். ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டதாரி வேண்டும் என்று விதி வகுத்து வரவழைத்த அந்த அக்காவின் பங்கு அந்த 24-க்குள் இல்லை.