பிரெஞ்சு வடிகால்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டத்தில் கல் பாவிய தளம் அமைத்துக்கொள்வோர் பலர். மழைக்குப் பின் அத்தளத்தின் ஓரத்தில் நீர் தேங்கும். அடிமண் ஊறிக் கற்கள் இறங்கும். இதற்குச் செலவு குறைந்த, கண்ணில் படாத மருந்து ஒன்று உண்டு. தளத்தை ஒட்டிப் பள்ளம் வெட்டிச் சரளையை நிரப்பி, மேலே புல்லை வளரவிடுவார்கள். இதற்குப் பிரெஞ்சு வடிகால் என்று பெயர். பிரான்சு நாட்டுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதியாயிருந்த ஹென்றி பிளாக் பிரெஞ்சு (1813–1885) என்பவர் 1859 இல் பண்ணை வடிகால் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. (வாஷிங்டனில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலையை வடித்தவர் இவருடைய மகன்.)

ஆனால் இது நீதிபதியின் கண்டுபிடிப்பன்று. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா இதை விளக்கியிருக்கிறார். மூன்றடி ஆழம் வெட்டிப் பாதிவரை சிறு கல்லையோ சரளையையோ இட்டு, தோண்டிய மண்ணாலேயே மூடவேண்டும். கல் கிடைக்காத இடத்தில் சுள்ளிகளைக் கயிறுபோல் கட்டிப் பள்ளத்தில் கிடத்தலாம். ஏழை உழவனுக்கும் எட்டும் முறை!

கல்லுக்குப் பதில் சுடுமண் ஓடு வந்தபோது விலை குறுக்கே நின்றது. இங்கிலாந்தில் ஓட்டுக்கு வரி இருந்தது. 1826 இல் ஒரு சட்டம், 'வடிகால்' என்று முத்திரையிட்ட ஓடுகளுக்கு வரியை நீக்கியது. 1845 இல் தாமஸ் ஸ்கிராக் குழாய் வார்க்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். பிரெஞ்சின் நூலும் ஓட்டு வடிகாலையே சிறப்பாக எடுத்துப் பேசுகிறது.

இனி இயற்பியலுக்கு வருவோம். சரளை நீரை உறிஞ்சும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. மண்ணின் நுண்துளைகள் நீரை நுண்புழை விசையால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே வெறும் ஈரமண்ணிலிருந்து ஒரு சொட்டும் வடிகாலுக்குள் வராது. மண் முழுதும் நிறைந்து, நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சினால்தான் வரும். நிலத்தடி நீர்மட்டம் கீழிருந்து எழுவதால், துளையிட்ட குழாய் பதிப்போர் பலர் துளைகளைக் கீழ்நோக்கி வைக்கிறார்கள்.

உள்ளே வந்த நீர் ஓடும் வேகத்துக்கு விதி கண்டவர் ஹென்றி டார்சி. 1856 இல் டிஜோன் நகரின் நீர் வழங்கல் பற்றிய நூலில் அதை வெளியிட்டார். இவர்தாம் அசல் பிரெஞ்சுக்காரர்! மணலில் நீர் செல்லும் வேகம் சரிவைப் பொறுத்தது என்பது அவ்விதி. ஊடுருவும் திறனோ பரலின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ ஏற்ப உயரும். சரளையில் ஓட்டம் இவ்விதியிலிருந்து சற்று விலகும். ஆயினும் சிறிய சரிவே அதற்குப் போதும். 10 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் வழக்கமான அளவு.

வடிகாலின் எதிரி வண்டல். நீரோடு வரும் நுண்மண் இடைவெளிகளை அடைத்துவிட்டால் பள்ளம் மீண்டும் வெறும் மண்ணே. 1920களில் கார்ல் டெர்சாகி, வடிகட்டும் பரலுக்கும் மண்ணுக்கும் இருக்கவேண்டிய அளவு விகிதத்தை வகுத்தார். இன்று பெரும்பாலும் செயற்கை இழைத்துணியைப் பள்ளத்தில் விரித்து, சரளையை அதனால் போர்த்திவிடுகிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க இத்துணியை விட்டுவிடுவோர் உண்டு. அடைத்துக்கொண்ட வடிகாலைச் செப்பனிட வழி இல்லை. புல்லைப் பெயர்த்து முழுவதும் தோண்டித்தான் ஆகவேண்டும்.