மளிகைக் கடைப் பற்றேடு: ஒரு வரலாற்றுச் சான்று

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுத முற்படும்போது நாம் முதலில் நாடுவன அரசாங்க அறிக்கைகளும் தோட்ட நிருவாகப் பதிவுகளுமே. தொழிலாளர் பெற்ற கூலி எவ்வளவு என்பதை அவை கூறும். அக்கூலியைக் கொண்டு அவர்தம் குடும்பம் எதை உண்டது என்பதை அரிதாகவே கூறும். அதனைக் கூற வல்லது மளிகைக் கடையின் பற்றேடு.

சம்பளம் மாதம் ஒருமுறை. அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். இடைப்பட்ட நாள்களைக் குடும்பங்கள் கடந்தது கடைக்காரர் எழுதி வைத்த கடனால்தான். அரிசி, காந்தாங்கு, சுப்பாக்கு என்னும் மலாய் அளவைகளிலும், மிளகாயும் கருவாடும் கட்டி, தாஹில் என்னும் நிறைகளிலும் விற்கப்பட்டன. ஒரு கட்டிக்கு 16 தாஹில். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம். 1970களில் மெட்ரிக் முறை பரவியபின் இச்சொற்கள் மெல்ல வழக்கிழந்தன. ‘555’ என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேட்டின் பெயரோ கடன் கணக்கிற்கே பெயராக நிலைத்தது.

இக்கணக்கின் அடிப்படை நம்பிக்கை. அதனை வரலாறு இருமுறை கடுமையாகச் சோதித்தது. முதலாவது, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி. வாழைமர நோட்டுகளின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. அவ்வாட்சி வீழ்ந்ததும் அவை வெறும் தாளாயின. அந்நோட்டுகளைப் பெற்றுக்கொண்டு பழைய நிலுவையை ஏட்டில் அடித்துவிட்டவருக்கு மிஞ்சியது தாள்கட்டு மட்டுமே.

இரண்டாவது, 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு சென்று சேராதிருக்க அரிசி விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தகர உணவுகளைத் துளையிட்டே விற்க வேண்டும். விற்றதைப் பதிவு செய்யவும் வேண்டும். அண்டை வீட்டாரின் பசியாற்ற எழுதிய கை, அவர்களைக் கண்காணிப்பதற்கும் எழுத வேண்டியதாயிற்று. கூடுதலாக ஒரு கட்டி அரிசி கேட்கும் தாய்க்கு என்ன விடை கூறுவது என்பது கடைக்காரருக்கு வணிகச் சிக்கல் அன்று, அறச் சிக்கல்.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளக் கடையைப் பிற இனத்தாரும் ‘மாமா கடை’ என்றே அழைக்கின்றனர். கணக்கு நடந்த இடத்திலேயே உறவும் நடந்தது என்பதற்கு இச்சொல்லே சான்று.

ஆதலால், பழைய பற்றேடு ஒன்று கைக்குக் கிட்டினால் அதனைப் பழந்தாள் என்று எறிந்துவிடாது படியெடுத்துக் காப்போம். பண்டம், அளவு, விலை அனைத்தையும் குறித்துக்கொள்வோம். கடன்பட்டோர் பெயர்களை மட்டும் மறைத்து வைப்போம். கடைக்காரர் காத்த நம்பிக்கையை நாமும் காத்தல் கடன்.