யுப் ஹைன்கஸ்

யுப் ஹைன்கஸ் (பிறப்பு: 9 மே 1945) ஜெர்மனியின் முன்னாள் கால்பந்து வீரர், பயிற்சியாளர். மொன்சென்கிளாட்பாக் நகரில் ஒரு கொல்லரின் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். சுவருக்குச் சாந்து பூசும் வேலையை முறையாகக் கற்றவர். 1964இல் சொந்த ஊர் அணியான பொருசியா மொன்சென்கிளாட்பாக்கில் சேர்ந்தார். இடையில் மூன்று ஆண்டுகள் ஹனோவர் 96 அணிக்கு ஆடியது போக, 1978 வரை அங்கேதான் இருந்தார்.

ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லீகாவில் 369 ஆட்டங்களில் 220 கோல்கள் அடித்தார். நான்கு லீக் பட்டங்கள் வென்றார். 1974இல் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியில் இருந்தும், காயத்தால் இரண்டு ஆட்டங்களோடு ஒதுங்க நேர்ந்தது. கோல் குவிப்பதில் பெயர்பெற்ற சக ஜெர்மானிய வீரர் கெர்ட் முல்லரின் காலத்தில் ஆடியதாலேயே இவர் பெயர் உலக அளவில் சற்று மங்கிப்போனது.

1978 ஏப்ரல் 29 அன்று நடந்த இவரது கடைசி லீக் ஆட்டம் மறக்க முடியாதது. லீக் பட்டத்துக்கான போட்டியில் கொலோன் அணியும் கிளாட்பாக்கும் புள்ளிகளில் சமம்; கோல் வித்தியாசத்தில் கொலோன் பத்து முன்னிலை. டோர்ட்முண்டை கிளாட்பாக் 12–0 எனத் துவம்சம் செய்தது. அதில் ஐந்து கோல்கள் ஹைன்கஸுடையவை. அதே நாளில் கொலோன் 5–0 என வென்றதால், மூன்றே கோல் வித்தியாசத்தில் பட்டம் கைநழுவியது.

1979 முதல் எட்டு ஆண்டுகள் கிளாட்பாக்கின் பயிற்சியாளர். பிறகு பயர்ன் முனிக்குக்கு 1989, 1990 லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தும், 1991இல் பதவி பறிபோனது. அது தன் பெரிய தவறு என்று நிர்வாகி ஊலி ஹோனஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1998இல் ரியல் மாட்ரிட்டுக்கு 32 ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார். லீக்கில் அணி நான்காம் இடத்துக்குச் சரிந்திருந்ததால், சில நாட்களிலேயே வேலை போயிற்று. இவ்வளவு நன்றி கெட்ட பணிநீக்கங்கள் கால்பந்தில் குறைவு.

2011இல் மீண்டும் பயர்ன். அடுத்த ஆண்டு சொந்தத் திடலில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சியிடம் பெனால்டியில் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்து இவர் கட்டிய அணியே இவரது தலைசிறந்த படைப்பு. பந்து பறிபோன கணமே தாக்குதல் வீரர்களான ரிபெரியும் ராபனும்கூடத் தற்காப்புக்கு ஓடிவந்தார்கள். பில்பாவோவிலிருந்து வந்த ஹாவி மார்த்தினெஸ் நடுக்களத்தை அடைத்தார். அரையிறுதியில் பார்சிலோனா, இரு ஆட்டங்களிலும் சேர்த்து 7–0 எனச் சுருண்டது. 2013இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஜெர்மன் அணியானது பயர்ன்.

அதோடு ஓய்வு பெற்றவரை 2017 அக்டோபரில், 72 வயதில், பயர்ன் மறுபடி அழைத்தது. தடுமாறிக்கொண்டிருந்த அணியை லீக் பட்டம் வரை கொண்டுசென்று, 2018இல் விடைபெற்றார்.