ஒரு மொழியும் பல தொகுப்பிகளும்

ஒரு நூலுக்கு உரை பல எழுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர். அவற்றுள் பரிமேலழகருரையை நல்லூர் ஆறுமுக நாவலர் 1861இல் பதிப்பித்தார். கற்றோரிடையே அவ்வுரை பெற்ற செல்வாக்குப் பெரிது. ஆயினும் மணக்குடவருரை கிடைத்திராவிடின், பரிமேலழகர் கொண்ட பாடத்திற்கு மாற்றுப்பாடமும் உண்டென்பதைப் பல இடங்களில் நாம் அறிந்திரோம்.

கணினி மொழிகளிலும் இந்நிலை உண்டு. மொழியின் வரையறை மூலநூலாயின், அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி உரையாகும். செய்நிரலைக் கட்டளை வரிசையாக அன்றிக் கணிதச் சார்புகளாக அமைக்கும் மொழிகள் 1980களிற் பல்கின. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிற் கூடிய அறிஞர் அவற்றுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டுமெனத் துணிந்தனர். அளவையியலாளர் ஹாஸ்கெல் கறியின் பெயர் தாங்கிய அம்மொழியின் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது.

வரையறை ஒன்று, தொகுப்பிகளோ பல. சுவீடனின் சால்மர்ஸில் லெனார்ட் ஓகஸ்ட்சன் ஆக்கிய எச்.பி.சி. அவ்வாண்டே வெளிவந்தது. யேல் பல்கலைக்கழகத்தார் லிஸ்ப் மொழி வழியே மாற்றினர். கிளாஸ்கோவினர் தம் ஜி.எச்.சி. தொகுப்பியை ஹாஸ்கெலிலேயே எழுதினர். பின்வந்த என்.எச்.சி. சிறு நினைவகத்தில் இயங்குதலை நாடிற்று. ஹக்ஸ் செய்நிரலை முன்கூட்டி மாற்றாது உடனுக்குடன் இயக்கி மாணவர்க்கு உதவிற்று.

இவற்றுள் சிறந்தது எது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. தொகுக்கும் நேரம், இயங்கும் வேகம், கொள்ளும் நினைவகம் ஆகியன ஒன்றற்கொன்று முரணும் அளவுகோல்கள். ஆனால் ஒப்பீட்டின் தலையாய பயன் வேறு. ஒரே செய்நிரல் இரு தொகுப்பிகளில் இரு விடை தருமாயின், தொகுப்பியிற் பிழை இருத்தல் வேண்டும்; அன்றேல் வரையறையில் ஐயப்பாடு இருத்தல் வேண்டும். தனித்தொகுப்பி இதனைக் காட்டாது.

காலப்போக்கில் யேல் முயற்சி 1990களின் நடுப்பகுதியில் நின்றது. ஏனையவும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஜி.எச்.சி. சேர்த்த புதுக்கூறுகளைப் பயன்படுத்திய செய்நிரல்களைப் பிற தொகுப்பிகள் ஏற்க இயலாமற்போனமை இதற்கொரு காரணம். 2010ஆம் ஆண்டு வரையறைக்குப் பின் புதியது எழவில்லை. 2021இல் ஜி.எச்.சி.யின் பெயராலேயே மொழிக்கூறுகளின் தொகுதியொன்று வகுக்கப்பட்டது. உரை மூலமாயிற்று.

ஆதலின், 2024இல் அதே ஓகஸ்ட்சன் மைக்ரோ எச்.எஸ். என்னும் சிறு தொகுப்பியை ஆய்வரங்கில் முன்வைத்தமை வெறும் பொழுதுபோக்கன்று. அது வேகத்தில் ஜி.எச்.சி.யை வெல்லவேண்டியதில்லை. வேறோர் உரையாக நிலவுதலே அதன் பயன். ஓருரையே எஞ்சுமிடத்து, அவ்வுரையின் பிழையை அளக்கும் கோல் இல்லாதொழிகின்றது.